கப்பலில் இருக்கும் அப்பா

“நான் கேட்டேனாடா? எனக்காக இப்படி ஒரு பொய்யைச் சொல்லுன்னு என்னைக்காவது நான்—”

“நீ கேட்டேன்னு யாருக்கா சொன்னா? நான் சொல்ல வர்றது—”

“கேட்காததைச் செஞ்சுட்டு, இத்தனை வருஷம் கழிச்சு, உனக்காகத்தான் செஞ்சேன்னு—”

“சட்டையைக் கொடுக்கா. நேரமாகுது.”

“பட்டன் இல்லாம எப்படிக் கொடுக்கிறது? நெஞ்சைத் திறந்து காட்டிக்கிட்டா கோர்ட்டுக்குப் போகப் போறே?”

அக்காவுக்குக் கோபம் வந்தால் ஊசி வேகமாக ஓடும். வாய் அதைவிட வேகமாக ஓடும். வயது வந்த நாளிலிருந்து தையல் மிஷினோடு மல்லுக்கட்டி வளர்ந்த வாய். தம்பி பனியனோடு அறையின் நடுவில் நின்றான். டைல்ஸ் ஒட்டுகிறவன். மற்ற தொழிலாளிகளுக்கு உள்ளங்கையில் காய்த்திருக்கும். இவனுக்கு முழங்கால் இரண்டிலும் காய்த்திருந்தது.

மரபணுப் பரிசோதனை முடிவு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. மிளகு என்கிற அந்தக் குழந்தை அவனுடைய பெண்தான், அதில் இனி யாருக்கும் சந்தேகம் வேண்டியதில்லை. அந்தப் பரிசோதனை வேண்டும் என்று மனுப் போட்டதே அவன்தான். மிளகின் அம்மா கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறவள். அவள் இன்னொருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள், அவருக்கு வேலை கிடைத்த வெளியூருக்கு மிளகையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறாள் என்று தெரிந்ததும் வக்கீலம்மாவின் வாசலுக்கு ஓடினான்.

அவளை இவன் ஏன் கட்டவில்லை என்று கேட்டால், அதற்கான பதில் இப்போது பட்டன் தைத்துக்கொண்டிருந்தது.

மிளகு வயிற்றில் இருந்த சமயம் அக்காவுக்கு ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் விஷயம் முடியட்டும் என்றான் இவன். அது முடியவில்லை. இன்னொன்று வந்தது. தம்பிக்குக் கல்யாணமாகாமலே ஒரு பிள்ளை இருக்கிறது என்று பேச்சுக் கிளம்பினால் வருகிற இடமும் வராது என்று பயந்தான். அதனால் மிளகின் அம்மா வீட்டுக்கு மாமாவாகப் போய்வர ஆரம்பித்தான். வீட்டுச் சொந்தக்காரருக்கு அவன் குழந்தையின் மாமா. எதிர்வீட்டுக்கும் மாமா. பேச ஆரம்பித்த பிறகு மிளகுக்கும் மாமா.

வந்த இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் அக்காவே அந்தப் பேச்சைக் கத்தரித்துப் போட்டுவிட்டாள். அதற்குள் கண்ணாடிக்கடைக்காரியின் பொறுமையும் தேய்ந்துவிட்டது. இலவு காத்த கிளிகூட ஒருநாள் பறந்துவிடும். அவள் மனுஷி.

இது எதுவுமே அக்காவுக்குத் தெரியாது. வழக்குப் போட்ட பிறகுதான் சொன்னான். தனக்கு ஒரு மருமகள் பிறந்து, நடந்து, பேசி, பள்ளிக்கூடமும் போகிறாள் என்ற சேதியை அவள் கையில் கத்தரிக்கோலோடு கேட்டாள். அன்றைக்கு வெட்டிய துணி கோணலாகப் போனது. அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை.

பட்டனைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, சட்டையை அவன்மேல் எறிந்தாள்.

“நானும் வர்றேன். நீ வாயைத் திறக்க மாட்டே. நானே அந்தப் பிள்ளைகிட்டச் சொல்றேன். நான் உன் அத்தை, இவன்தான் உன் அப்பன்னு சொல்ல எவ்வளவு நேரமாகும்?”

இன்றைக்குக் குழந்தையிடம் யாரும் எதையும் உடைத்துச் சொல்லக் கூடாது என்று வக்கீலம்மா நூறு தடவை சொல்லியிருப்பதை அவன் நினைவுபடுத்தினான். வக்கீலம்மா பெற்றாளா, நீ பெற்றாயா என்று அக்கா கேட்டாள். கேட்டுக்கொண்டே ஒரு மஞ்சள் கவுனை மடித்துப் பையில் வைத்தாள். அளவு அவன் சொன்னது. தோள், இடுப்பு, உயரம் எல்லாம் கேட்டவுடன் சொன்னான். அளந்ததை மறக்காத தொழில் அவனுடையது. வளர்கிற பிள்ளை என்று அக்கா நீளத்தைத் தாராளமாக விட்டிருந்தாள்.

கோர்ட்டுக் கட்டடத்தில் குடும்ப வழக்குகளுக்கென்று ஒரு பக்கம். முதல் மாடியில் பராமரிப்புத் தொகை கட்ட வைக்கிற பிரிவு. மூன்றாம் மாடியில் குழந்தையை யார் எப்போது பார்க்கலாம் என்று பேசுகிற பிரிவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாடி முழுக்க வேறு யாருடைய சண்டையோ நடந்துகொண்டிருந்தது.

முதல் மாடிப் படியேறும்போதே அக்கா தன் யோசனையைச் சொன்னாள். குழந்தையைப் பார்க்க விட்டால்தான் பணம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். வக்கீலம்மா நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, பொறுமையாக விளக்கினாள். பரிசோதனை முடிவு வந்த அன்றைக்கே கொடுக்கிற கடமை வந்துவிட்டது, அதற்குத் தனி உத்தரவு. பார்ப்பதற்குத் தனி மனு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பேரம் பேச முடியாது. பேசினால் அதையே இவனுக்கு எதிராக எழுதிவிடுவார்கள்.

“அப்ப கொடுக்கிறதுக்கு மட்டும் இவன் அப்பன். பார்க்கிறதுக்கு யாரோ எவனோ. அப்படித்தானே?”

வக்கீலம்மா அடுத்த படியில் கால் வைத்தாள்.

பராமரிப்புப் பிரிவில் கூட்டம் நெரிந்தது. சுவரோரம் நின்ற ஆண்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவனும் தரையைப் பார்த்தான். ஆனால் அவன் பார்த்தது வேறு. நாலாவது வரிசையில் ஒரு டைல் தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் கலவை பிடிக்கவில்லை.

“குழந்தையோட தந்தை யாருங்க? முன்னாடி வாங்க.”

எழுத்தர் இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் அது தன்னை என்று அவனுக்கு உறைத்தது. மிளகு பிறந்ததிலிருந்து இன்றுவரை ஒருவரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. எழுத்தர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதமா, குழந்தை வளர்ந்து ஆளாகும்வரை பொறுப்பேற்கிறீர்களா, எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம். அந்த மேசைக்கு வருகிறவர்கள் பேனாவை எடுப்பதற்கே அரைமணி நேரம் தர்க்கம் பண்ணுவார்கள். இப்படி முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்ட ஒருவனை எழுத்தர் பார்த்ததில்லை போலும். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்துவிட்டு, எல்லாம் புரிந்துதானே போடுகிறீர்கள் என்று கேட்டார்.

புரிந்ததா என்றால், அவனுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான். அதைச் சுமந்துகொண்டே மூன்றாம் மாடிக்கு ஏறினான்.

நடுவழியில் அக்கா மூச்சு வாங்க நின்றபோது அவன் மனசு வேறோர் இடத்துக்குப் போனது.

மிளகு நன்றாகப் பேசத் தொடங்கியிருந்த காலம். அவள் வீட்டுச் சமையலறைச் சுவரில் மிச்சம் மீதி டைல்களை ஒட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள், என் அப்பா எங்கே மாமா என்று கேட்டுவிட்டாள். அந்த நேரம் அவன் கையில் இருந்தது, யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய குளியலறை டைல். அதில் நீலத்தில் ஒரு கப்பல் படம். வாய் தவறி, கப்பல்ல இருக்காரு என்றான்.

அன்றோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அந்தக் கப்பல் டைலை அவள் கட்டிலுக்கு மேலே ஒட்டிக் கொடுத்தான். அப்புறம் கப்பலில் அப்பா என்ன செய்கிறார் என்று அவள் கேட்க, கப்பலின் தரை முழுக்கத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார் என்றான். அவன் வாங்கிக்கொண்டு போன ஷூ கப்பலிலிருந்து வந்தது. வண்ணப் பென்சில் கப்பலிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கான பணமும் கப்பலிலிருந்துதான் வந்தது. என் கால் அளவு அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டபோது, முந்தின வாரம் அந்தக் காலை டேப் வைத்து அளந்த அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டு, அப்பாக்களுக்குத் தெரியும் என்றான். கொடுத்ததெல்லாம் இவன், பேர் வாங்கியதெல்லாம் கப்பல்காரர். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இவ்வளவு ஆசையாக, பரிசுக் காகிதமெல்லாம் சுற்றி வைத்துக்கொண்டவன் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

மூன்றாம் மாடி நடையில் ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு முனையில் கண்ணாடிக்கடைக்காரி உட்கார்ந்திருந்தாள். மடியில் மிளகு. பக்கத்தில் அவளுடைய புதுக் கணவர்; பல் செட் செய்து கொடுக்கிறவர். மெலிந்த மனிதர். இவனைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்தது சரியா தவறா என்று தெரியாமல் மறுபடி உட்காரப் போனார். கடைசியில் டீ வாங்கிவருகிறேன் என்று படியிறங்கிப் போய்விட்டார்.

“மாமா” என்று மிளகு கையை ஆட்டினாள்.

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் குழந்தையின் நெற்றி மேடு, காது மடல், சிரிக்கும்போது ஒரு பக்கமாக ஏறும் உதடு எல்லாம் அவள் தன் கையால் சோறூட்டி வளர்த்த தம்பியினுடையவை. பெஞ்சின் இன்னொரு முனையில் மெல்ல உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு பேர் உட்காருகிற இடம் காலியாகவே கிடந்தது.

“சாப்பிட்டுட்டு வந்தீங்களா?” என்று கண்ணாடிக்கடைக்காரி அவனிடம் கேட்டாள்.

முன்பெல்லாம் அவள் அவனை வா, போ என்பாள். கோபம் வந்தால் டேய் என்பாள். வழக்குப் போட்ட பிறகு வந்தது இந்த ‘நீங்க’. அடி வாங்கினால்கூட இப்படி வலித்திருக்காது.

“ஆச்சு” என்றான்.

“கீழே கையெழுத்துப் போட்டதுக்கு நன்றி. நீங்க இதுவரைக்கும் கொடுத்ததையும் நான் உள்ளே சொல்லியிருக்கேன். எதையும் மறைக்கலை.”

அவள் அப்படிப்பட்டவள்தான். அதுதான் கஷ்டம். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் அவனுக்குத் திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

ஆலோசகர் கதவைத் திறந்து அவனையும் மிளகையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். முடி நரைத்த, குரல் உயராத பெண்மணி. போகிற போக்கில் அக்கா கவுன் பையை அவன் கையில் திணித்தாள்.

அறையில் பெரியவர்களுக்கு நாற்காலியே இல்லை. ஆலோசகரே ஒரு முக்காலியில் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அவனுக்கு அது சௌகரியமாகப் போயிற்று. முழங்காலிட்டு வேலை செய்கிறவனுக்குத் தரைதானே ஆசனம். மிளகு மரக்கட்டைப் பெட்டியைக் கவிழ்த்தாள். இருவரும் வேலையில் இறங்கினார்கள். அவன் ஓர் ஓரக்கட்டையை நேராக வைத்தான். அவள் அதையொட்டி அடுத்ததை வைத்து, இடைவெளிக்கு, அவன் டைல்களுக்கு நடுவே தீக்குச்சி வைப்பதைப்போல, ஒரு வண்ணப் பென்சிலைச் செருகினாள். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள்.

“இது பொள்ளலா இருக்கு மாமா. எடுத்துட்டு மறுபடி ஒட்டணும்.”

“ஒட்டிடலாம்.”

ஆலோசகர் ஏதோ குறித்துக்கொண்டார். அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. அவனுக்கு அதைப் பார்த்ததும் தெம்பு வந்துவிட்டது. இது போதும் என்று நினைத்தான். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்தத் தெம்பில்தான் பையைப் பிரித்தான். மஞ்சள் கவுனைப் பார்த்ததும் மிளகின் கண் விரிந்தது. இத்தனை நாள் பழக்கம். வாய் அவனைக் கேட்கவில்லை.

“கப்பல்லேர்ந்து வந்துச்சு” என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. நுணலும் தன் வாயால் கெடும். அவன் முக்காலிப் பக்கம் திரும்பவில்லை.

மிளகு சிரித்தாள். பெரியவர்கள் தப்பாகக் கணக்குச் சொன்னால் குழந்தைகள் சிரிக்கிற சிரிப்பு.

“இல்லை மாமா. கப்பல்தான் வந்துடுச்சே.”

“என்னம்மா?”

“அப்பா வந்துட்டாரு. பெரிய பெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு வந்தாரு. உங்களுக்கு அம்மா சொல்லலையா? இப்ப வெளியில டீ வாங்கப் போனாரே, அவருதான்.”

அவன் கையில் ஒரு கட்டை இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆலோசகர் குரலை மாற்றாமல், சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார். கப்பல் அப்பாவைப் பற்றி உனக்கு யார் சொன்னது என்றார். மாமாதான் என்றாள் மிளகு. அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டதற்கு, தரையெல்லாம் நன்றாகத் துடைப்பார், தன் கால் அளவு அவருக்குத் தெரியும், தன்னைத் தினமும் நினைத்துக்கொள்வார் என்று ஒப்பித்தாள். ஒரு சொல் மாறாமல், அவன் சொல்லிக் கொடுத்தபடியே. அவர் வந்து தரை துடைக்கிறாரா என்று ஆலோசகர் கேட்டார்.

“முதல்ல துடைக்கலை. நான் சொன்னதுக்கப்புறம் துடைக்கிறாரு.”

அதன்பின் ஆலோசகர், அப்படியானால் இவர் உனக்கு யார் என்று அவனைக் காட்டிக் கேட்டார். இதென்ன கேள்வி என்பதுபோல மிளகு அவன் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள், மாமா என்று.

மிளகை விளையாட்டுப் பொம்மைகளோடு ஓர் உதவியாளரிடம் விட்டுவிட்டு, ஆலோசகர் பக்கத்து அறையில் அம்மாவையும் அவனையும் உட்கார வைத்தார். அக்காவை உள்ளே விடவில்லை. அக்கா கதவுக்கு வெளியே நின்றாள் என்பது கதவுக்கு அடியில் தெரிந்த செருப்பிலிருந்து எல்லோருக்கும் தெரியும்.

கண்ணாடிக்கடைக்காரிதான் முதலில் பேசினாள். நடந்ததைச் சொன்னாள். பல் செட்காரர் தங்கள் வீட்டுக்குக் குடிவந்த அன்று, பெரிய பெட்டியோடு வாசலில் நின்றவரை மிளகு பார்த்து, கப்பல் வந்துடுச்சா என்று கேட்டாள். ஏதோ குழந்தை விளையாட்டு என்று நினைத்து அவரும், வந்துடுச்சே என்றார். மிளகு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அவளைப் பிரித்து எடுக்க முடியவில்லை. தூங்கும்போதும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

“நீ இல்லைன்னு சொல்லியிருக்கலாமே” என்றான் அவன். வழக்குப் போட்ட பிறகு முதல் தடவையாக அவனுக்குக் குரல் உயர்ந்தது. “அவர் கப்பல்காரர் இல்லைன்னு ஒரு வார்த்தை.”

“சொல்லியிருக்கலாம். அப்ப கப்பல்காரர் எங்கேன்னு கேட்பா. நான் யாரைக் காட்டுறது?” அவள் அழவில்லை. கண்ணாடி துடைக்கிறவள்போல விரலைப் புடவை ஓரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தாள். “உங்களைக் காட்டவான்னு எத்தனை ராத்திரி யோசிச்சிருக்கேன் தெரியுமா? காட்டினா, இத்தனை நாளா ஏன் மாமாவா வந்தாருன்னு கேட்பா. அதுக்கு என்ன சொல்றது? உங்க அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தாங்கன்னா?”

கதவுக்கு அடியில் செருப்பு அசைந்தது.

“வீட்டைக் கட்டினது நீங்க. அவரு குடிவந்துட்டாரு. அவரா வரலை, உங்க பொண்ணுதான் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போனா.”

உங்க பொண்ணு. அதையும் அவள்தான் சொன்னாள்.

ஆலோசகர் நிலைமையைச் சொன்னார். குழந்தைக்கும் இவனுக்கும் உள்ள ஒட்டுதலைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் அதை அப்படியே நீதிபதிக்கு எழுதப் போவதாகவும் சொன்னார். அது அவனுக்குச் சாதகம். ஆனால் குழந்தையைப் பார்க்கிற உரிமை என்று கேட்பது தந்தை என்ற முறையில். தந்தைக்கு நாள் குறித்து உத்தரவு போடலாம், வெளியூருக்குக் கூட்டிப்போவதற்குக்கூட நிபந்தனை வைக்கலாம். மாமாவுக்கு அப்படி எதுவும் கிடையாது. மாமா வருவதும் போவதும் அம்மாவின் மனசைப் பொறுத்தது. அவன் உத்தரவு வாங்க வேண்டுமென்றால், அவன் யார் என்று மிளகுக்கு என்றைக்காவது சொல்லியாக வேண்டும்.

“சொன்னா?” என்றான்.

“உங்களை அப்பான்னு உடனே ஏத்துக்குவான்னு நான் சொல்ல மாட்டேன். கப்பல் அப்பா பொய்னு தெரியும். வீட்டுல இருக்கிறவர் அவர் இல்லைன்னு தெரியும். மாமாவும் மாமா இல்லைன்னு தெரியும். மூணும் ஒரே நாள்ல. ஒவ்வொண்ணா, மெதுவா, மாசக்கணக்குல சொல்லலாம். ஆனா அதுக்கு நீங்க பக்கத்துல இருக்கணும். அவங்க ஊரை விட்டுப் போறாங்க.”

“சொல்லாம விட்டா?”

“மாமாவா இருப்பீங்க. பணம் மாசாமாசம் போகும்.”

ஆலோசகர் பேனாவை மூடினார். அடுத்த தடவை கூடும்போது இருவரும் யோசித்து ஒரு முடிவோடு வர வேண்டும், முடிவுக்கு வராவிட்டால் நீதிபதி அவர் பார்வையில் ஒரு முடிவு எடுப்பார் என்றார். உண்மையைச் சொல்கிற உரிமை உங்களுக்கு உண்டு, இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று கடைசியாக அவனைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். அவன் தலையை ஆட்டினான். உரலுக்கு ஒரு பக்கம்தான் இடி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும். இவனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது தன் கையாகவே இருந்தது.

நடைக்கு வந்தபோது பல் செட்காரர் காகிதக் கோப்பைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. ஒன்றை அவனிடம் நீட்டினார். வாங்காமல் இருக்க அவனுக்கு மனம் வரவில்லை.

“எனக்கு அந்தக் கப்பல் விஷயம் தெரியாதுங்க” என்றார் தணிந்த குரலில். “அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். இப்ப சொல்லிப் பார்த்தேன். நீங்க மறுபடியும் கப்பல்ல போகப்போறீங்களான்னு கேட்டுப் பிள்ளை ரெண்டு நாள் சாப்பிடலை.”

திட்டுவதற்கு இவரும் கிடைக்கவில்லை.

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்ட முகம். மாப்பிள்ளை பார்த்த விஷயம் அந்த அறைக்குள் விழுந்ததைக் கேட்ட பிறகு அவளுக்கு முதுகு கொஞ்சம் கூனியதுபோல இருந்தது. ஆனால் கண் மட்டும் காலையில் இருந்த அதே கண். அவன் பயந்தான். சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தான். தடுக்க வேண்டும் என்றும் தோன்றியது, சொல்லித் தொலைக்கட்டுமே என்றும் தோன்றியது. எது அதிகம் என்று அவனுக்கே தெரியவில்லை.

உதவியாளர் மிளகை அழைத்துவந்தார். மஞ்சள் கவுனை அவள் தன் உடைக்கு மேலேயே மாட்டிக்கொண்டிருந்தாள். தோள் சரியாக இருந்தது. இடுப்பு சரியாக இருந்தது. கீழே மட்டும் தரையைத் தொடப் பார்த்தது.

“இங்கே வாம்மா” என்றாள் அக்கா.

குழந்தை அம்மாவைப் பார்த்தது. அம்மா போ என்று கண்ணைக் காட்டினாள்.

அக்கா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ரவிக்கை ஓரத்தில் எப்போதும் குத்தியிருக்கும் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவுனின் கீழ்மடிப்பை உயர்த்திக் குத்தினாள். ஓர் ஊசிக்கு ஆகிற நேரத்தைப்போல மூன்று மடங்கு நேரம் ஆயிற்று. திரும்பு என்றால் குழந்தை திரும்பியது. கையைத் தூக்கு என்றால் தூக்கியது. கவுனுக்குத் தேவையே இல்லாத இடங்களையும் அக்காவின் விரல்கள் சரி பார்த்தன. காதோரம், கன்னம், பின்கழுத்தில் ஒட்டியிருந்த முடி.

“நீங்க யாரு?” என்று மிளகு கேட்டாள்.

கண்ணாடிக்கடைக்காரி பெஞ்சு விளிம்பைப் பற்றினாள். பல் செட்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். அக்கா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். காலையில் தன்னிடம் அத்தனை கேள்வி கேட்ட வாய் இப்போது திறப்பதற்காக அவன் காத்திருந்தான். அவள் உதடுகள் இரண்டு தடவை அசைந்தன.

“துணி தைக்கிறவம்மா” என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு, ரவிக்கை ஓரத்தில் மிச்சமிருந்த குண்டூசியை எடுத்துக் கடைசி மடிப்பில் குத்தினாள். காலையிலிருந்து இத்தனை ஆண்டுப் பொய்க்காகத் தம்பியை வறுத்தெடுத்தவளுக்கு, அந்தப் பொய் எப்படிச் சொல்லப்படுகிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. அவன் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் தானும் மண்டியிட்டுக்கொண்டான்.

படிக்கட்டுப் பக்கமிருந்து அம்மா கூப்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது. மிளகு ஊசி குத்திவிடாமல் கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பாதி தூரம் போனவள் நின்றாள். ஏதோ யோசனை. திரும்பி வந்தாள். மண்டியிட்டிருந்ததால் அவன் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த வெள்ளை சிமென்ட் பொருக்கை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டே, ரகசியம் கேட்கிற குரலில் கேட்டாள்:

“மாமா, உங்களுக்குப் பாப்பா யாரும் இல்லையா?”